பறங்கிப்புண் முதல் பாலியல் தொற்று வரை: நோய்ப்பெயர்களும் நோயறிதலும்

முன்னுரை

நோய்க்குப் பெயரிடுதல் நோயறிதலின் முதற்படியாகும். மருத்துவர் ஒருவர் உடலில் காணும் குறியைச் சொல்லொன்றால் சுட்டும்போது, அந்நோய் எதனால் தோன்றியது, யாரிடமிருந்து வந்தது, எதனால் தீரும் என்னும் கருத்துகளும் அச்சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. உடலுறவின் வழிப் பரவும் நோய்களுக்குத் தமிழில் வழங்கிவரும் பெயர்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும். மேகம், வெட்டை, வெள்ளை, கொறுக்கு, கிரந்தி, அரையாப்பு, பறங்கிப்புண் எனச் சித்த மருத்துவ நூல்களிலும் மக்கள் வழக்கிலும் பல பெயர்கள் உள்ளன. இவற்றோடு 'பொம்பளைச் சீக்கு' என்னும் பேச்சுவழக்குப் பெயரும் உண்டு. நோய்க்கு ஆளாவோர் இருபாலராக இருக்க, நோயின் பெயர் மட்டும் ஒரு பாலாரைச் சுட்டி நிற்கிறது.

இப்பெயர் மக்கள் பேச்சோடு நின்றுவிட்ட ஒன்றன்று. அதன் பின்னுள்ள எண்ணம் சட்டமாகவும் மருத்துவமனையாகவும் பல காலங்களில் உருக்கொண்டுள்ளது. இந்நோய்கள் எவ்வாறு அறியப்பட்டன, எவ்வாறு பகுத்துணரப்பட்டன, எவ்வாறு மருத்துவம் பெற்றன என்பதைச் சென்னையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அறிவியல் வளர்ச்சி நோயின் காரணத்தை மாற்றிக் காட்டிய ஒவ்வொரு கட்டத்திலும் நோயைப் பரப்புவோர் யார் என்னும் முடிவும் மாறியதா என்பதே இதன் வினா.

'மேகம்' என்னும் பெரும்பகுப்பு

சித்த மருத்துவம் நோய்களை வாதம், பித்தம், ஐயம் என்னும் முக்குற்றங்களின் அடிப்படையில் வகைப்படுத்துகிறது. மேகநோய் இருபது எனக் கொண்டு, அவற்றுள் வாதத்தால் வருவன 4, பித்தத்தால் வருவன 6, ஐயத்தால் வருவன 10 எனப் பகுப்பது மரபு. இப்பகுப்பு வடமொழி மருத்துவ நூல்கள் கூறும் 20 வகைப் பிரமேகத்தோடு ஒத்துச் செல்வது. சிறுநீர் மிகுதியாகக் கழிதல், அதன் நிறமும் தன்மையும் மாறுதல் முதலிய குறிகளே இப்பகுப்பின் அடிப்படை. எனவே இன்று நீரிழிவு என்று அறியப்படும் நோயும் மேகத்துள் அடங்கும். உடலுறவால் வரும் சீழ்ப்போக்கும் மேகத்துள் அடங்கும்.

இப்பெரும்பகுப்பினுள் தனித்தனிக் குறிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. 'வெள்ளை' என்பது நிறத்தால் வந்த பெயர். 'வெட்டை' என்பது வெப்பம் என்னும் பொருளது. உடற்சூடு மிகுந்து நீர்க்கடுப்பும் ஒழுக்கும் உண்டாவதாகக் கருதியதால் வந்த பெயர். 'கொறுக்கு' என்பது பிறப்புறுப்பில் தோன்றும் புண். 'அரையாப்பு' என்பது அரையில், அஃதாவது தொடையிடுக்கில், நெறிகட்டிப் பழுப்பது. 'கிரந்தி' என்பது உடலெங்கும் தோன்றும் கட்டிகளையும் தடிப்புகளையும் குறிக்கும். பச்சிளங் குழந்தைகளுக்குக் காணும் செங்கிரந்தி, கருங்கிரந்தி ஆகியவையும் இச்சொல்லாலேயே வழங்கின.

இப்பெயர்களைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. இவை கண்ணால் காணும் குறியையும், உடலின் இடத்தையும், உட்சூட்டையும் பெயர்க்காரணமாகக் கொண்டவை. 'பொம்பளைச் சீக்கு' என்பதைப் போல் இவை எந்த மனிதரையும் சுட்டவில்லை. உடலுறவு நோய்க்கு ஒரு காரணமாகக் கூறப்படும் இடங்களிலும் அது உணவு, வெயில், உறக்கமின்மை போன்ற பிற காரணங்களோடு ஒன்றாகவே வைத்து எண்ணப்பட்டது எனலாம்.

பல நோய்களை ஒரு பெயரில் அடக்கியதைக் கொண்டு இம்மரபை எளிதாகக் குறைகூறிவிட இயலாது. ஐரோப்பிய மருத்துவமும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 18ஆம் நூற்றாண்டில் வெட்டையும் கிரந்தியும் ஒரே நஞ்சின் இரு வடிவங்கள் என்று கொண்டார். அவை வெவ்வேறு நோய்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் ரிக்கோர் 1838இல்தான் நிலைநாட்டினார்.

பறங்கியின் பெயரால் வந்த நோய்

1494-95இல் நேப்பிள்ஸ் நகரை முற்றுகையிட்ட படைகளிடையே கிரந்திநோய் கொள்ளைநோயாகப் பரவியது. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். 'சிபிலிஸ்' என்னும் பெயர் 1530இல் பிரக்கஸ்தோரோ இலத்தீனில் இயற்றிய நூலொன்றில் வரும் இடையனின் பெயரிலிருந்து பிறந்தது. 1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கள்ளிக்கோட்டையை அடைந்தன. அதன்பின் வந்த போர்த்துகீசியர் கோவாவிலும் சோழமண்டலக் கரையிலும் முத்துக்குளித்துறையிலும் நிலைகொண்டனர். 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய 'பாவப்பிரகாசம்' என்னும் வடமொழி மருத்துவ நூல் 'பிரங்க ரோகம்' என இந்நோயைத் தனியாக விளக்குகிறது. வெளியே தோன்றுவது, உள்ளே பரவுவது, இரண்டும் சேர்ந்தது என மூவகையாக அதனைப் பகுக்கிறது.

பிரங்கர் என்பதன் தமிழ் வடிவமே பறங்கியர். பறங்கிப்புண், பறங்கி வியாதி என்னும் பெயர்கள் இவ்வாறு தோன்றியவை. குறியையும் இடத்தையும் கொண்டு பெயரிட்டுவந்த மருத்துவ மரபில், நோயைக் கொண்டுவந்த மனிதரைக் கொண்டு பெயரிடும் முறை இங்குப் புகுகிறது. பாவப்பிரகாசம் இந்நோய் பிரங்கரோடு கொள்ளும் தொடர்பாலும், சிறப்பாகப் பிரங்கப் பெண்டிரைச் சேர்வதாலும் வரும் என்கிறது. கப்பலில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதை எண்ணும்போது, நூலாசிரியர் பெண்ணை எடுத்துச் சொல்வது கருதத்தக்கதாகும்.

நோயின் பெயரே மருந்துக்கும் வந்தது. சீனத்திலிருந்து கடல்வழி வந்த ஒரு கிழங்கு தமிழில் 'பறங்கிப்பட்டை' எனப்பட்டது. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில் இக்கிழங்கைப் பற்றி எழுதியுள்ளார். சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஒயிட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னையில் அச்சிட்ட மருந்துப்பொருள் நூலிலும் அது தமிழ்ப்பெயரோடு இடம்பெற்றது. பறங்கிப்பட்டைச் சூரணம் இன்றும் சித்த மருந்துக்கடைகளில் கிடைப்பது. இதனோடு இரசம், பூரம், வீரம் போன்ற பாதரசச் சரக்குகளும் பயன்பட்டன. அவற்றை உண்ணுங்காலத்தில் உப்பும் புளியும் நீக்கிய கடும்பத்தியம் விதிக்கப்பட்டது. பாதரசம் மிகுந்தால் வாய் வெந்து எச்சில் ஒழுகுவதும் பல் ஆடுவதும் நேரும். ஐரோப்பாவிலும் பாதரசமே அக்காலத்தின் தலையாய மருந்தாக இருந்தது.

இம்மருந்துகள் நோயைத் தீர்த்தனவா என்பதை அறிவது அக்கால மருத்துவருக்கு எளிதன்று. கிரந்தியின் முதற்புண் வலியற்றது. தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ மூன்று வாரத்தில் தோன்றிச் சில வாரங்களில் மருந்தின்றியும் தானே ஆறிவிடும். பின்னர் உடலெங்கும் தடிப்புகள் எழுந்து அவையும் மறையும். அதன்பின் பல்லாண்டுகள் குறியேதுமின்றி இருந்து, சிலருக்கு இதயப் பெருங்குழாயையும் மூளையையும் தாக்கும். ஆகவே எம்மருந்து கொடுத்தாலும் புண் ஆறியது. மருத்துவரும் நோயாளியும் நோய் தீர்ந்ததென நம்பினர். இருபது ஆண்டுகள் கழித்து வந்த சித்தக் கலக்கத்தையோ திடீர் இறப்பையோ பழைய புண்ணோடு சேர்த்துப் பார்க்க வழியில்லை.

அருணகிரிநாதர் பரத்தையர் தொடர்பால் பெருநோயுற்று, முருகன் அருளால் நலம்பெற்றார் என்னும் செவிவழிக் கதை தமிழகத்தில் பரவலாக வழங்குகிறது. அவர் காலம் 15ஆம் நூற்றாண்டு என்பர். அக்கதையை அவர் உற்ற நோய்க்குச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் ஆணின் உடல்நோய்க்குக் கணிகையின் இல்லத்தைப் பிறப்பிடமாகக் காட்டும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியிருந்ததற்கு அக்கதை சான்றாகும்.

ஒரு பெயர், இரு நோய்கள்

பறங்கி என்னும் பெயர் இலங்கையில் வேறொரு வரலாற்றைக் கொண்டது. அங்குப் 'பறங்கி' என வழங்கியது பெரும்பாலும் ஊர்ப்புறக் குழந்தைகளிடையே தோலோடு தோல் படுவதால் பரவும் புண்நோயாகும். ஆங்கில மருத்துவம் இதனை 'யாஸ்' என்கிறது. இதற்கும் உடலுறவுக்கும் தொடர்பில்லை. 1881இல் இலங்கையின் தலைமை மருத்துவ அலுவலர் கின்சி இப்பறங்கி நோய் குறித்துத் தனி அறிக்கை அளித்தார். 1905இல் கொழும்பில் பணியாற்றிய ஆல்டோ காஸ்டெல்லானி இப்புண்களில் சுருள்வடிவ நுண்ணுயிரியைக் கண்டார். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் ஷௌடினும் ஹாப்மனும் கிரந்திநோயின் சுருளுயிரியைக் கண்டறிந்தனர்.

இவ்விரு நுண்ணுயிரிகளும் நெருங்கிய இனத்தவை. நுண்ணோக்கியில் இவற்றைப் பிரித்தறிய இயலாது; வழக்கமான குருதிச் சோதனைகளும் இரண்டிற்கும் ஒரே விடையையே தரும். இரு நோய்களுக்கும் ஒரு பெயரிட்ட மக்கள் வழக்கை அறியாமை என்று ஒதுக்கிய மருத்துவம், தன் கருவிகளும் அவற்றைப் பிரிக்கவில்லை என்பதை 20ஆம் நூற்றாண்டில் உணர்ந்தது. நோயாளியின் வயது, வாழிடம், புண்ணின் இடம், அவர் கூறும் வரலாறு ஆகியவற்றைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. குழந்தையொன்றின் காலில் உள்ள புண்ணுக்குப் 'பறங்கி' எனப் பெயர் கூறும்போது கேட்போர் அதன் பெற்றோரைப் பற்றி என்ன எண்ணுவர் என்பது எந்தச் சோதனையாலும் தீராத சிக்கலாகும்.

லாக் மருத்துவமனைகள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் ஐரோப்பியச் சிப்பாய்கள் இந்நோய்களால் பெருமளவில் படுக்கையில் வீழ்ந்தனர். படையின் வலிமை குறைவதைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1805 முதல் 'லாக்' மருத்துவமனைகள் நிறுவப்பட்டன. 1747இல் இலண்டனில் திறக்கப்பட்ட மருத்துவமனையின் பெயரை இவை பெற்றன. இலண்டனில் நோயாளிகள் தாமே வந்து சேர்ந்தனர். இங்கோ படைமுகாம்களை அண்டி வாழ்ந்த பெண்கள் பிடித்துவரப்பட்டு, நோய் தீர்ந்ததென மருத்துவர் கூறும்வரை அடைத்துவைக்கப்பட்டனர். 1830களில் இவை மூடப்பட்டன.

1857 எழுச்சிக்குப் பின் ஐரோப்பியப் படையினரின் எண்ணிக்கை பெருகவே இம்முறை மீண்டும் உயிர்பெற்றது. 1864ஆம் ஆண்டுப் படைமுகாம் சட்டமும், 1868ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமாகிய தொற்றுநோய்ச் சட்டமும் இதற்கு வழிவகுத்தன. சட்டத்தின் பெயரில் 'தொற்றுநோய்' என்னும் பொதுச்சொல் இருந்தாலும், அது குறித்தது பால்வழி நோய்களை மட்டுமே. பரத்தையர் எனக் கருதப்பட்ட பெண்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், குறித்த நாளில் சோதனைக்கு வரவேண்டும், நோய் காணப்பட்டால் மருத்துவமனையில் அடைக்கப்படுவர், வரத்தவறினால் தண்டனை. பரங்கிமலை, திருச்சிராப்பள்ளி, வெல்லிங்டன் முதலிய படைமுகாம்களை ஒட்டி இத்தகைய மருத்துவமனைகள் இயங்கின. பறங்கியின் பெயரைத் தாங்கிய மலையடியிலேயே பறங்கிப்புண்ணுக்காகத் தமிழ்ப்பெண்கள் அடைக்கப்பட்டனர்.

இங்கு மருத்துவ நோக்கிலும் ஒரு வினா எழுகிறது. வெட்டைநோயின் நுண்ணுயிரியை ஆல்பர்ட் நைசர் கண்டறிந்தது 1879இல். கிரந்திக்கான குருதிச் சோதனையை வாசர்மன் வகுத்தது 1906இல். இவை தோன்றுமுன், ஒரு பெண்ணிடம் காணும் வெள்ளைப்போக்கு உடலுறவால் வந்ததா, பிற காரணங்களால் இயல்பாக வந்ததா என உறுதிசெய்ய வழியேயில்லை. பெண்களிடம் வெட்டைநோய் பெரும்பாலும் குறியின்றியே இருக்கும். கிரந்தியின் புண் உள்ளுறுப்பில் மறைந்திருக்கும். எனவே நோயற்ற பெண்கள் அடைக்கப்பட்டனர்; நோயுற்றோர் நலமுற்றவராக வெளியே விடப்பட்டனர். நோயுற்ற ஆண்கள் இச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. ஒருபாலாரை மட்டும் சோதித்து ஒரு தொற்றைத் தடுக்க இயலாது என்பது எளிய கணக்கு. அக்கணக்கை விடப் பெண்ணே நோயின் ஊற்று என்னும் எண்ணம் வலிமையாக இருந்தது.

இங்கிலாந்தில் இத்தகைய சட்டங்களுக்கு எதிராக ஜோசபின் பட்லர் முதலியோர் நடத்திய இயக்கத்தின் பயனாக அவை 1886இல் நீக்கப்பட்டன. இந்தியச் சட்டம் 1888இல் நீக்கப்பட்டது.

நுண்ணோக்கியும் ஊசிமருந்தும்

கல்கத்தாவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய சார்லஸ் டோனோவன் 1903இல் காலா-அசார் நோயின் நுண்ணுயிரியைக் கண்டவர்களுள் ஒருவர். 1905இல் அவர் சென்னையில் மற்றொரு கண்டுபிடிப்பையும் நிகழ்த்தினார். தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பிலும் தோன்றி, வலியின்றி மெல்லப் படர்ந்து தசையை அரிக்கும் ஒருவகைப் புண்ணிலிருந்து எடுத்த திசுவில், உயிரணுக்களுக்குள் அடைந்து கிடந்த நுண்ணிய உடல்களை அவர் கண்டார். அவை 'டோனோவன் உடல்கள்' எனப்பட்டன. நோய் பிற்காலத்தில் 'டோனோவனோசிஸ்' எனப் பெயர் பெற்றது. கொறுக்கு என்னும் ஒரு சொல்லுள் அடங்கியிருந்த புண்களில் இவ்வாறு ஒன்று பிரிந்தது. 1889இல் டுக்ரே கண்ட நுண்ணுயிரியால் மென்கொறுக்கும், 1905இல் கண்ட சுருளுயிரியால் கிரந்திப்புண்ணும் தத்தம் அடையாளத்தைப் பெற்றன.

நோயறிதல் கூர்மையுற்றதை ஒட்டி மருந்தும் மாறியது. ஜெர்மனியில் பால் எர்லிக், ஜப்பானியரான ஹாத்தா ஆகியோர் கண்ட 606ஆம் சேர்மம் 1910இல் 'சால்வார்சன்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆர்சனிக் கலந்த இம்மருந்தைப் பல வாரங்கள் தொடர்ந்து ஊசிவழிச் செலுத்த வேண்டும். 1943இல் அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனியும் குழுவினரும் பென்சிலின் கிரந்தியைத் தீர்ப்பதைக் காட்டினர். தொடக்கநிலைக் கிரந்திக்கு 24 இலட்சம் அலகு பென்சாதின் பென்சிலின் ஒரே முறை ஊசியாகச் செலுத்துவதே இன்றளவும் முதல்நிலை மருத்துவமாகும். நானூறு ஆண்டுகள் பாதரசத்தையும் பத்தியத்தையும் நம்பிய நோய்க்கு ஓர் ஊசி போதுமானதாயிற்று.

சென்னைப் பொதுமருத்துவமனையில் இந்நோய்களுக்கெனத் தனித்துறை வளர்ந்து, மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோயியல் நிறுவனமாக உருப்பெற்றது. அதன் இயக்குநராக விளங்கிய ஆர்.வி. இராஜம், தம் உடன்பணியாளர் பி.என். ரங்கையாவுடன் இணைந்து எழுதிய டோனோவனோசிஸ் பற்றிய தனிநூலை உலகச் சுகாதார நிறுவனம் 1954இல் தன் 24ஆம் தனிநூலாக வெளியிட்டது. சென்னையில் கண்டறியப்பட்ட ஒரு நோயுடலைப் பற்றிச் சென்னை மருத்துவர்களே உலகுக்குப் பாடநூல் தந்தனர் என்பது தமிழக மருத்துவ வரலாற்றில் குறிப்பிடத்தக்கதாகும்.

இரகசிய வியாதியும் விளம்பரமும்

மருத்துவமனையின் வாயில் திறந்திருந்தாலும் நோயாளிகள் பலர் அதனுள் நுழைய அஞ்சினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதித் தமிழ் இதழ்களில் வெட்டை, மேகம், நரம்புத் தளர்ச்சி ஆகியவற்றுக்கான மருந்து விளம்பரங்கள் மிகுதி. 'இரகசிய வியாதி' என்னும் பெயரில், அஞ்சல்வழி மருந்து அனுப்புவதாகக் கூறிய இவ்விளம்பரங்கள் மருத்துவர் முகத்தையே காணாமல் நோயைத் தீர்த்துக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கையை விற்றன. 1954இல் இயற்றப்பட்ட மருந்துகள் மற்றும் மாய மருத்துவங்கள் சட்டம், குறித்த சில நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடைசெய்தது. அதன் பட்டியலில் பால்வழி நோய்களும் இடம்பெற்றன. ஆயினும் பேருந்து நிலையச் சுவர்களிலும் விடுதி அறைகளிலும் இத்தகைய விளம்பரங்கள் தொடர்ந்தன. வெட்கமே அவற்றின் முதலாக இருந்ததால் சட்டத்தால் மட்டும் அவற்றை ஒழிக்க இயலவில்லை.

இக்காலத்தில் பெண்மருத்துவர் ஒருவரின் குரலும் எழுந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம்பெற்ற முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1947இல் அது சட்டமாக நிறைவுற்றது. அவர் பேச்சில் பெண்ணின் உடல் அரசு காவல்காக்க வேண்டிய தொற்றின் ஊற்றாக இல்லாமல், வழக்கத்தின் பெயரால் ஊறுபட்ட ஓர் உயிராக வைத்து எண்ணப்பட்டது.

1986: மீண்டும் காப்பகம்

1946இல் பால்வழி நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் இந்தியாவில் தேசிய அளவில் தொடங்கப்பெற்றது. பென்சிலின் வந்தபின் இந்நோய்கள் தணிந்துவிடும் என்னும் நம்பிக்கை நிலவிய காலத்தில்தான் எய்ட்ஸ் பற்றிய செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதனை ஆய்வுப் பொருளாக அளித்தார். சென்னையில் இந்நோய் இருக்க வாய்ப்பில்லை என்றே பலரும் கருதினர். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிக்கப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தொற்று தெரிந்தது. அமெரிக்காவில் செய்த மறுசோதனை அதனை உறுதிப்படுத்தியது. தமிழக நலவாழ்வு அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதனை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட முதல் நிகழ்வு இதுவே.

இக்கண்டுபிடிப்பின் பயன் பெரிது. குருதி வங்கிகளில் சோதனை வருவதற்கும், 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாவதற்கும் இது தொடக்கமாயிற்று. சாலமன் 1993இல் தனி மருத்துவ மையம் நிறுவி, பிற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்ட நோயாளிகளை ஏற்றார். ஆயினும் வரலாற்று நோக்கில் ஒன்றைக் காணாதிருக்க இயலாது. நோயைத் தேடிச் சென்ற அறிவியல் முதலில் சென்ற இடம், லாக் மருத்துவமனை போலவே, பெண்கள் அடைக்கப்பட்டிருந்த ஒரு கட்டடம். அங்கிருந்தோர் எளிதில் கிடைத்தனர் என்பதே அதற்குக் காரணம். அவர்களிடம் வந்த ஆண்கள் எந்தக் கட்டடத்திலும் அடைக்கப்பட்டிருக்கவில்லை. எனவே செய்தி வெளிவந்தபோது நோயின் முகமாகப் பெண்ணின் முகமே பதிந்தது. இதழ்கள் அந்நோயை 'ஆட்கொல்லி நோய்' என்றன.

2000களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களில் எழுந்த 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்னும் வினா இந்நிலையில் ஒரு மாற்றத்தைக் குறித்தது. அதனைக் கேலியாகக் கருதியோரும் உண்டு. எனினும் நோயைப் பற்றிய பொதுப்பேச்சில் ஆண் ஒருவனின் பெயரும் நடத்தையும் வினாவுக்குள்ளானது இவ்வரலாற்றில் புதியது எனலாம். 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், நோயாளியின் தெளிந்த ஒப்புதலின்றிச் சோதனை செய்தலாகாது என்று விதித்தது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் எதைக் கட்டாயமாக்கியதோ அதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது.

குறிவழி மருத்துவமும் அதன் எல்லையும்

பிறப்புறுப்புப் புண் உள்ளவரிடம் எச்.ஐ.வி. எளிதில் தொற்றும் என அறியப்பட்டதால், பால்வழி நோய்த்திட்டம் 1992இல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின்கீழ் வந்தது. ஆய்வகம் இல்லாத ஊர்ப்புற நிலையங்களிலும் உடனடி மருத்துவம் கிடைக்க வேண்டும் என்னும் நோக்கில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த குறிவழி மருத்துவ முறை ஏற்கப்பட்டது. தேசிய அமைப்பு ஏழு நிறப் பொதிகளை வகுத்தது. சிறுநீர்ப்புழை ஒழுக்குக்கும் கருப்பைவாய் ஒழுக்குக்கும் சாம்பல்நிறப் பொதி. யோனி ஒழுக்குக்குப் பச்சை. கொப்புளமற்ற புண்ணுக்கு வெள்ளை. அதே புண்ணுடையவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருப்பின் நீலம். அக்கிவகைக் கொப்புளப் புண்ணுக்குச் சிவப்பு. அடிவயிற்று வலிக்கு மஞ்சள். தொடையிடுக்கு நெறிக்கட்டுக்குக் கறுப்பு. இம்முறையில் பயிற்சி அளிக்க மண்டல மையங்கள் அமைந்தன. தமிழர் பலர் வாழும் தில்லி ஆர்.கே.புரத்திற்கு அண்மையில் உள்ள சப்தர்ஜங் மருத்துவமனையின் மையம் இவற்றுள் தலைமை நிலையில் உள்ளது. சென்னை நிறுவனமும் இவ்வலைப்பின்னலில் அடங்கும்.

இப்பட்டியலைத் தமிழ் மருத்துவப் பெயர்களோடு ஒப்பிட்டால் ஒற்றுமை வியப்பளிக்கிறது. ஒழுக்கு வெட்டையும் வெள்ளையும் ஆகிறது, புண் கொறுக்காகிறது, நெறிக்கட்டு அரையாப்பாகிறது. நூறாண்டு நுண்ணோக்கி ஆய்வுக்குப் பின் மருத்துவம் மீண்டும் குறியைக் கொண்டு நோயை அணுகுகிறது. வேறுபாடு மருந்தில் உள்ளது. ஒரு குறிக்குக் காரணமாகக்கூடிய நுண்ணுயிரிகள் எவை என அறிந்து, அவை அனைத்தையும் அழிக்கும் மருந்துகள் ஒரே பொதியில் வைக்கப்படுகின்றன. உடலுறவுத் துணைவருக்கும் மருத்துவம் அளிக்க வேண்டும் என்பதும் இம்முறையின் விதி. பழைய மரபிலும் லாக் மருத்துவமனையிலும் இல்லாதது இது. ஒருவர் மட்டும் மருந்துண்டால் நோய் மீண்டும் வரும் என்னும் அறிவிலிருந்து பிறந்தது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. குறியில்லாத தொற்றை இது காணாது. பெண்களிடம் வெட்டையும் கிளமிடியாத் தொற்றும் பெரும்பாலும் குறியற்றவை. கவனிக்கப்படாத தொற்று கருக்குழாயைத் தழும்பாக்கி மகப்பேறின்மைக்கு வழிவகுக்கும். மறுபுறம், வெள்ளைப்படுதலோடு வரும் பெண்களில் பலருக்கு உடலுறவால் பரவாத பூஞ்சைத் தொற்றோ நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவோ இருக்கலாம். அவர்களிடம் 'பால்வினை நோய்' என்று கூறுவது மருத்துவப் பிழையாவதோடு குடும்பத்தையும் குலைக்கக்கூடும். தேவையற்ற மருந்து நுண்ணுயிரிகளிடம் எதிர்ப்பாற்றலை வளர்க்கும். வெட்டை நுண்ணுயிரி முற்காலத்தில் தன்னை அழித்த பல மருந்துகளை இன்று வென்றுள்ளது. ஆகவே விரைவுச் சோதனைகளை ஊர்ப்புறம்வரை கொண்டுசெல்வதே அடுத்த படியாக அமைகிறது. கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் கிரந்திச் சோதனை செய்து, தொற்றுள்ளோர்க்கு உரிய காலத்தில் பென்சிலின் அளித்தால் குழந்தையைக் காக்கலாம்.

முடிவுரை

நோய்ப்பெயர்களின் வரலாறு மூன்று படிநிலைகளைக் காட்டுகிறது. முதலாவது, குறியைக் கொண்டு பெயரிட்ட நிலை. வெள்ளை, கொறுக்கு, அரையாப்பு ஆகியவை இதற்குரியவை. இரண்டாவது, மனிதரைக் கொண்டு பெயரிட்ட நிலை. பறங்கிப்புண்ணும் பொம்பளைச் சீக்கும் இதன்பாற்படும். மூன்றாவது, பரவும் வழியைக் கொண்டு பெயரிடும் நிலை. பால்வினை நோய் என்னும் சொல் இதற்குரியது. இச்சொல்லில் வினை என்பது செயல் என்னும் பொருளில் அமைந்ததே. ஆயினும் முன்வினை, தீவினை என்னும் சொற்களோடு பழகிய தமிழ்ச் செவிக்கு அதில் பழியின் ஒலியும் கேட்கிறது. அண்மையில் பரவிவரும் 'பாலியல் தொற்று' என்னும் வழக்கு அவ்வொலியைத் தவிர்ப்பதோடு, குறி தோன்றுமுன்னரே உடலில் இருக்கும் தொற்றையும் உள்ளடக்குகிறது. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைப் பிரிவுக்குச் 'சுகவாழ்வு மையம்' என்றும், சோதனைப் பிரிவுக்கு 'நம்பிக்கை மையம்' என்றும் பெயரிட்டிருப்பதும் இந்நோக்கில் எண்ணத்தக்கது. பலகையில் நோயின் பெயர் இல்லாததாலேயே அவ்வாயிலில் நுழைவோர் உளர்.

முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு விடை முழுமையாக உடன்பாடன்று. நோயின் காரணம் சூட்டிலிருந்து நுண்ணுயிரிக்கு மாறியது. மருந்து பாதரசத்திலிருந்து பென்சிலினுக்கு மாறியது. ஆனால் நோயைத் தேடும் இடம் 1805 முதல் 1986 வரை பெரிதும் மாறவில்லை. துணைவருக்கும் மருத்துவம் என்னும் விதியும், ஒப்புதலின்றிச் சோதனை இல்லை என்னும் சட்டமும் அண்மைக் காலத்தவை. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைக் கூறும்போது நோயாளியையே முதலில் வைக்கிறார். மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் ஆகிய மூன்றும் அதன்பின் வருவன. இந்நோய்களைப் பொறுத்தவரை, உற்றவரை முதலில் வைக்கும் அவ்வரிசை நடைமுறையில் இடம்பெறத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன.